கம்பியில் கோத்த மனுக்களும் மொய் நோட்டும்: ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. வீட்டுக் காகிதங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையில் ஒரு கிராமம். அந்த ஊர் மிராசுதாரர் ஒருவர் 1957, 1962 பொதுத்தேர்தல்களில் வென்று சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1967-இல் தோற்றார். 1970-களில் காலமானார். அமைச்சராக இருந்தவரில்லை. மேடைப் பேச்சால் பேர் வாங்கியவருமில்லை. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பெயர் வரும் பக்கங்கள் சொற்பம்.

இப்படிப்பட்டவரின் காகிதங்களைப் பாதுகாக்க இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடம் 1909 முதல் இருக்கிறது. அச்சான நூல்களையும் இதழ்களையும் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் போன்றவர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தேசியத் தலைவர்களின் தாள்கள் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தன. தொகுதி அளவில் வாழ்ந்த அரசியல்வாதியின் தாள்கள் இவற்றில் எதற்கும் பொருந்தாமல் வீட்டுப் பரணிலேயே கிடக்கின்றன. வீடு இடிபடும்போது அவையும் போய்விடுகின்றன.

இங்கும் வீட்டை இடிக்கத்தான் இருந்தார்கள். முன்னாள் உறுப்பினரின் மகள் எண்பதைத் தொட்டவர். வீட்டில் தனியாக இருந்தார். ஓட்டு வீட்டை விற்றுவிட்டு டவுனில் மகனோடு இருப்பது என்று முடிவாகியிருந்தது. ஊர்ப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தகவல் சொல்ல, நான் பணியாற்றும் சிறிய ஆய்வு நூலகத்திலிருந்து சென்றோம்.

கண்டவை

காகிதங்கள் மூன்று இடங்களில் இருந்தன. கூடத்துப் பீரோவில் பத்திரங்கள், ஜாதகங்கள், சிட்டா நகல்கள். பரணில் டிரங்குப் பெட்டிகள். திண்ணையை ஒட்டிய கணக்கறையில், சுவரில் அடித்த ஆணிகளில் தொங்கிய வளைகம்பிகள்.

கம்பிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கடைகளிலும் கணக்கறைகளிலும் வரும் தாளை அப்படியே கம்பியில் குத்தி விடுவார்கள். முதலில் வந்தது அடியில், கடைசியில் வந்தது மேலே. இந்த வீட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் சில கிராமங்கள். அட்டைத் துண்டில் ஊர்ப் பெயர்களைக் கணக்குப்பிள்ளை எழுதித் தொங்கவிட்டிருந்தார். தேதியில்லாத மனுவுக்குக்கூடக் கம்பியில் ஓர் இடம் உண்டு. அதற்குக் கீழே இருப்பதற்குப் பிந்தியது, மேலே இருப்பதற்கு முந்தியது.

டிரங்குப் பெட்டிகளின் நிலை மோசம். அடித்தட்டைக் கரையான் தின்றிருந்தது. தாள்களின் ஓரங்களில் ராமபாணப் பூச்சி அரித்த துளைகள். கட்டுகளுக்கு இடையில் வெள்ளைப் பொடி தூவப்பட்டிருந்தது. 1950-60-களில் டி.டி.டி., பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடிகள் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கியவை. எனவே பொடி எதுவென்று தெரியும் முன்பே அதை நஞ்சாகக் கருதிக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அந்துருண்டை வாடை வேறு.

நாங்கள் போவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பேரன் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, கம்பிகளிலிருந்து பெரிய தலைவர்களின் கையெழுத்து உள்ள கடிதங்களை மட்டும் உருவியெடுத்து, டவுனில் கொடுத்து, சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. எஞ்சியதையும் அவ்வாறே செய்துவிட்டு, மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்பது அவர் சொன்ன யோசனை.

எது அரசியல், எது வீடு

குடும்பத்தார் எங்களிடம் முதலில் கொடுக்க முன்வந்தவை தலைவர்களின் கடிதங்கள், சட்டமன்ற அடையாள அட்டை, மாலை போட்ட புகைப்படங்கள், பாராட்டுப் பத்திரங்கள். “மற்றதெல்லாம் வீட்டுக் குப்பை, தம்பி. அம்மா எழுதிய மளிகைக் கணக்கை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றார் மகள்.

அந்த மளிகைக் கணக்கைப் புரட்டியபோதுதான் இந்தச் சேகரிப்பின் மதிப்பு புரிந்தது. கோடு போட்ட நீள நோட்டு. ஒரு பக்கத்தில் பிலவ வருடம் ஐப்பசி 9 என்று தேதி. அதாவது 1961 அக்டோபர் கடைசி வாரம். அதன் கீழே: “மனுக்காரர் 9, சாப்பாடு. மோர் மட்டும் 14. கீழத்தெரு கிழவிக்கு ரூ. 2. ஐயா பட்டணத்தில்.” கணக்கறைக் கம்பியில் அதே வாரத்து மனுக்களைத் தேடினோம். குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள் என்று ஒன்று. பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு கேட்டு ஒன்று. பின்பக்கத்தில் அதே பெண் கையெழுத்து: “பார்த்தாயிற்று. ஐயா வந்ததும் தாசில்தாருக்கு எழுதச் சொல்ல வேண்டும்.”

கணவர் சட்டமன்றத்தில் இருந்த நாள்களில் தொகுதியை நடத்தியவர் மனைவி. இது எந்தத் தேர்தல் புள்ளிவிவரத்திலும் வராது. பாராட்டுப் பத்திரங்களில் அவர் பெயரே இல்லை. குடும்பம் சொன்ன பிரிவினைப்படி அரசியல் தாள்களை மட்டும் வாங்கியிருந்தால் இந்த அரசியலே விடுபட்டுப் போயிருக்கும்.

மொய் நோட்டு இன்னொன்று. 1960-களின் தொடக்கத்தில் நடந்த மூத்த மகள் கல்யாணத்து நோட்டு அது. ஊர் வாரியாக, தொகை வாரியாக எழுதியது. தொகுதியில் அவருக்கு யார் யார் வேண்டியவர்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. எதிர்க்கட்சிக்காரர்கள் சிலரும் மொய் எழுதியிருக்கிறார்கள்; தொகையும் குறைவில்லை. ஆனால் இந்த நோட்டைக் கொடுக்கக் குடும்பம் மறுத்துவிட்டது. இரகசியம் என்பதற்காக அன்று. அதைப் பார்த்துத்தான் இன்னும் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறார்கள்! அறுபது வருடத்துக் காகிதம் எங்களுக்கு வரலாறு, அவர்களுக்கு நடப்புக் கணக்கு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதையும் பிரிக்காமல் இருப்பது. ஒவ்வொரு கம்பியையும் பெட்டியையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்து எண் கொடுத்தோம். கம்பிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும், துரு தாளைத் தின்கிறது. ஆனால் கழற்றும்போது ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்பென்சிலால் கம்பி எண்ணும் வரிசை எண்ணும் எழுதினோம். பெயர் வாரியாகவோ பொருள் வாரியாகவோ அடுக்கலாம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதிட்டார். தேடுவதற்கு எளிது என்பது அவர் கட்சி. ஆனால் கணக்குப்பிள்ளையின் அடுக்கில் ஒரு செய்தி இருந்தது. 1957-இல் சென்னை மாநிலத்தில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் உண்டு. பொது இடத்துக்கு ஒருவரும் ஒதுக்கப்பட்ட தனி இடத்துக்கு ஒருவரும் ஒரே தொகுதியிலிருந்து வருவார்கள். 1961-இல் அந்த முறை ஒழிந்தது, 1962-இல் தொகுதிகள் ஒற்றையாயின. சரியாக அந்த இடத்தில் சில கம்பிகள் முடிகின்றன. ஊர்கள் மாறுகின்றன. இரண்டு உறுப்பினர்களையும் விளித்து எழுதிய மனுக்கள் நின்றுபோகின்றன. அகர வரிசையில் அடுக்கினால் இது கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

உருவியெடுத்த கடிதங்களைக் கம்பி வரிசையில் மீண்டும் சேர்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. துரு கைகொடுத்தது. கம்பி நுழைந்த துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருக்கும். அந்தக் கறை மேலும் கீழும் உள்ள தாள்களிலும் அதே வடிவத்தில் ஊறியிருக்கும். லேமினேஷன் செய்த கடிதங்களிலும் பிளாஸ்டிக்குக்குள் வளையம் தெரிந்தது. வளையத்தின் வடிவத்தையும் துளை இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு, பெரும்பாலானவற்றின் பழைய இடத்தைக் கண்டுபிடித்தோம். தலைவரின் கடிதம் ஒன்று, பள்ளிச் சீரமைப்பு மாநாட்டுக்கு ஊரார் தந்த நன்கொடைப் பட்டியலுக்கு அடுத்த தாளாக வந்து அமர்ந்தது. தனியாக இருந்தபோது அது வெறும் கையெழுத்து. இப்போது அது அந்தப் பட்டியலுக்கு வந்த பதில் என்று புரிகிறது.

பூச்சிக்கு மருந்து அடிக்கவில்லை. புகையூட்டவுமில்லை. தாள்களைக் காற்றுப் புகாத பாலிதீன் உறைகளில் அடைத்து, கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். தாளில் ரசாயனம் படியாது. அந்தக் குளிர் எங்களிடம் இல்லை. கடற்கரை ஊர் ஒன்றில் மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் ஓர் ஓரம் வாடகைக்குக் கிடைத்தது. சைவக் குடும்பம். “அப்பா காகிதத்தை மீனோடா வைப்பீர்கள்?” என்று மகள் கேட்டதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. உறைகள் இரட்டையாக அடைக்கப்படும் என்பதை மட்டும் சொன்னோம். சம்மதித்தார். வெளியே எடுத்த உறைகளை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தாளில் கோத்துக்கொள்ளும்.

உரிமை விஷயத்தில் அவசரப்படவில்லை. பெட்டி மகள் வசம் இருந்தாலும் வாரிசுகள் நான்கு கிளை. எல்லாரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே கொடை ஒப்பந்தம் எழுதினோம். பேரன் சில கடிதங்களைத் தன்னோடு கொண்டுபோக விரும்பினார். 1942-இல் தாத்தா சிறையிலிருந்து பாட்டிக்கு எழுதிய, தணிக்கை முத்திரை விழுந்த கார்டுகள் அவை. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டைக் கடந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. இதை எடுத்துச் சொன்னதும் உயர்தர நகல்களோடு நிறைவடைந்தார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர்.

கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். குடும்பம் நமக்குக் கொடுத்ததில் இந்த இரண்டாவது உரிமை அடங்காது. எனவே வாசிப்பறையில் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம். இணையத்தில் முழுப் படமாக ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மனுக்களைப் பற்றியதுதான் மிகக் கடினமான முடிவு. தொழுநோய், கள்ள உறவு, சாதித் தகராறு, மாமியார் கொடுமை என ஊரின் அந்தரங்கம் முழுவதும் அந்தக் கம்பிகளில் இருந்தது. எழுதியவர்கள் ஒரு மனிதரை நம்பி எழுதினார்கள், நூலகத்தை நம்பி அல்ல. கொடை தந்த குடும்பத்தின் சம்மதம் இவர்களின் சம்மதமாகாது. பட்டியலில் ஊர், ஆண்டு, மனுவின் வகை மட்டும் இருக்கும். ஆள் பெயர் இருக்காது. நோய், பாலுறவு, சாதி சார்ந்த மனுக்கள் எழுதிய நாளிலிருந்து 75 ஆண்டு மூடியிருக்கும். மற்றவற்றை, பெயரை வெளியிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் பார்க்கலாம்.

விகாரி பங்குனிக் கடிதம்

ஒரு தாள் மட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. டிரங்குப் பெட்டியில், இன்லாண்டு கடிதத்தில், தம்பி அண்ணனுக்கு எழுதியது. நிலத்தை யார் யார் பெயரில் எழுதுவது, கோயில் பெயரில் எவ்வளவு, மருமகன் பெயரில் எவ்வளவு என்று விவரமாக இருக்கிறது. சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் நிறைவேறியது. ஆனால் 1960 ஏப்ரல் 6-ஐயே தொடக்க நாளாகக் கொண்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் வகையையும் தீர்வையையும் வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்பது வரம்பு. அந்தச் சட்டத்துக்குக் கைதூக்கியவரின் வீட்டுக்கு வந்த கடிதம் இது.

தேதி “விகாரி பங்குனி” என்று தொடங்குகிறது. நாள் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. விகாரி பங்குனி என்பது 1960 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. அதாவது சட்டத்தின் தொடக்க நாள் அந்த மாதத்துக்குள்ளேயே விழுகிறது. கடிதம் அதற்கு முன்னா, பின்னா? இன்லாண்டின் வெளிப்புறத்தில் தபால் முத்திரை பாதி அழிந்திருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது மாதத்தின் முதல் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. மார்ச். எழுதியவர் அவசரப்பட்டது ஏன் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. மசோதா வரப்போவது முன்கூட்டியே தெரிந்து எழுதினாரா, ஊரெல்லாம் பேசியதைக் கேட்டு எழுதினாரா என்று இந்த ஒரு தாளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதனால் பட்டியலில் “குடும்ப நிலப் பங்கீடு தொடர்பானது, 1960 மார்ச்” என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

குடும்பம் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னது. மகள் அல்ல, இளைய கிளையைச் சேர்ந்தவர்கள். வழக்கு வரும் என்று பயந்தார்கள். வழக்கறிஞரிடம் கேட்டோம், அவர் அறிந்தவரை அந்த அச்சத்துக்கு இடமில்லை என்றார். அதற்குப் பிறகும் தயக்கம் போகவில்லை. பயம் போனாலும் கூச்சம் இருந்தது, அது இயல்புதான். கிழித்தால் சேகரிப்பையே வாங்க மாட்டோம் என்றும், மூடி வைப்பதென்றால் அவர்கள் சொல்லும் காலத்துக்கு மூடி வைப்போம் என்றும் சொன்னோம். 75 ஆண்டு என்று முடிவாயிற்று. மனுக்காரர்களுக்கு வைத்த அதே அளவு. அரசியல்வாதி குடும்பத்துக்கு ஒரு காலம், அவரிடம் மனு கொடுத்தவருக்கு ஒரு காலம் என்று வைக்க எங்களுக்கு மனமில்லை.

பின்பு நடந்தவை

பட்டியல் முடிந்து சேகரிப்பு வாசிப்பறைக்கு வந்தது. மொய் நோட்டை நூலகத்தில் படியெடுத்து, அசலைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தோம். புதிய வீட்டில் அது பீரோவில் இருப்பதாகக் கேள்வி.

முதலில் வந்து பார்த்தவர்கள் எதிர்பார்த்தது போலத் தலைவர் கடிதங்களைத்தான் கேட்டார்கள். இரண்டாவது வகை வாசகர்கள் பிறகு வந்தார்கள். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் வந்த பிறகு தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் என்ன நடந்தது என்று ஆராயும் ஒருவர், வெளியேற்ற மனுக்களை மட்டும் எடுத்துப் படித்தார். மிராசுதாரரான உறுப்பினரிடமே, அவருடைய உறவினர் மீது குத்தகைதாரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். சிலவற்றின் பின்பக்கத்தில் தாசில்தாருக்கு எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. சிலவற்றில் ஒன்றுமில்லை. எவற்றில் இல்லை என்பதே அவருடைய ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது.

பெயரில்லாப் பட்டியலையும் மீறி ஒரு சிக்கல் வந்தது. மனுக்காரர் ஒருவரின் பேரன் இப்போது அந்தப் பகுதியில் செல்வாக்குள்ளவர். தாத்தா அரிசிக்குக் கையேந்தி எழுதிய மனு இருக்கிறது என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, அதை எடுத்துவிடச் சொன்னார். அழிக்க மறுத்தோம், மூடிய உறைக்கு மாற்றினோம். அவருக்கு நகல் ஒன்றும் கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அரசுக் கோப்பு எண் உள்ள கட்டு ஒன்றும் பெட்டியில் இருந்தது. அது குடும்பத்தின் சொத்தல்ல, ஆகவே கொடுக்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. உரிய அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை தனி உறையில், பட்டியலுக்கு வெளியே இருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

கணக்குப்பிள்ளை உயிரோடிருந்தார், தொண்ணூறை நெருங்கியவர், பக்கத்து ஊர். கம்பிகளின் கணக்கை அவர் சொல்லிப் பதிவு செய்தோம். நினைவு தெளிவாக இருந்தாலும் காது கேட்பது கடினமாக இருந்ததால், கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டி உரையாட வேண்டியிருந்தது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைத் திறக்கும் முன் காகிதத்தை அடுக்கியவரைத் தேடுவது என்று நடைமுறையை மாற்றியிருக்கிறோம்: எழுத்தர், கணக்குப்பிள்ளை, கார் ஓட்டியவர், யாராயிருந்தாலும் சரி. உறவினரைவிட இவர்களுக்குத் தாள்களைப் பற்றி அதிகம் தெரியும்.

கொடை ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தில் இரண்டு பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, குடும்பம் வைத்துக்கொள்ளும் அசல்களின் பட்டியல், மொய் நோட்டைப் போல. விற்கும் எண்ணம் வந்தால் நூலகத்திடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற வரியோடு. மற்றொன்று, மனு எழுதியவரோ அவர் வழியினரோ ஆட்சேபித்தால் என்ன செய்வது என்பது: அழிப்பதில்லை, மூடலாம், நகல் தரலாம். முடிவெடுக்கும் மூவரில் ஒருவர் நூலகத்துக்கும் கொடையாளர் குடும்பத்துக்கும் வெளியே இருப்பவராக இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். அந்த மூன்றாமவராக யாரை வைப்பது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரை வைக்கலாம் என்று ஒரு கட்சி. அவர் தாத்தாவும் மனு கொடுத்தவர்தான் என்கிறது இன்னொரு கட்சி.